கேட்கக் கூச்சப்படாதீர்கள், பிள்ளைகளே

(திருகோணமலையில், பல்கலைக்கழகம் செல்லக் காத்திருக்கும் மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். மூதூர், வெருகல், குச்சவெளி என்று தூரத்தில் இருந்து காலையிலேயே பஸ் ஏறி வந்தவர்களும் இங்கே இருக்கிறீர்கள். அதனால் விஷயத்துக்கு நேரே வந்துவிடுகிறேன்.

உயர்தரப் பரீட்சை எழுதி, பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி வந்து, வெட்டுப்புள்ளியைத் தாண்டி, அனுமதிக் கடிதமும் கைக்கு வந்துவிட்டால் இனிப் பிள்ளை கரை சேர்ந்துவிட்டது என்று வீட்டில் நினைக்கிறோம். முதல் வருட மாணவர்களுக்குப் பல காலமாகப் பாடம் எடுப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: பிள்ளை அதிகம் தடுமாறுவது அதற்குப் பிறகு வரும் ஆறு மாதங்களில்தான். அந்த ஆறு மாதம் வீட்டாருக்குத் தெரிவதில்லை. "எப்படிப் போகுது?" என்று கேட்டால் "ஓம், நல்லாப் போகுது" என்று ஃபோனில் சொல்லிவிடுவார்கள்.

தடுமாறுவது ஏன்? முதலாம் வகுப்பில் இருந்து உயர்தரம் வரை 13 வருடம் தமிழில் படித்த பிள்ளை, விஞ்ஞான பீடத்திலோ முகாமைத்துவ பீடத்திலோ போய் உட்கார்ந்த முதல் நாளே விரிவுரை முழுக்க ஆங்கிலத்தில் போகிறது. ஆர்முடுகல், தொகையிடல், நிகழ்தகவு எல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. உயர்தரத்தில் ஏ எடுத்தவள். அதே கணக்கை விரிவுரையாளர் ஆங்கிலத்தில் சொல்லும்போது பலகையில் இருக்கும் குறியீடுகளைப் பார்த்துத்தான் இது தனக்குத் தெரிந்த விஷயம் என்று கண்டுபிடிக்கிறாள். அதற்குள் விரிவுரை இரண்டு ஸ்லைட் தாண்டிவிடுகிறது. முடிவில் "கேள்வி இருக்கா?" என்று கேட்பார்கள். மண்டபமே அமைதியாக இருக்கும்.

அந்த அமைதிதான் எனக்குக் கவலை. பாடம் விளங்காததால் ஒரு பிள்ளை விழுந்ததை நான் அதிகம் கண்டதில்லை. விளங்கவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டு விழுந்த பிள்ளைகளை நிறையக் கண்டிருக்கிறேன். கேள்வியை ஆங்கிலத்தில் கேட்க வேண்டுமே, இலக்கணம் பிழைத்தால் பின்வரிசை சிரிக்குமே என்ற பயம். பிறகு அந்தப் பிள்ளை ஸ்லைடை அப்படியே பாடமாக்கத் தொடங்குகிறது. முதல் செமஸ்டரில் அது ஓரளவு ஓடும். கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்ட உடனே பேனை நின்றுவிடும்.

இதிலே பெற்றோருக்குத் தெரியாத ஒரு கணக்கு இருக்கிறது. பாடசாலையில் ஒரு தவணையில் குறைந்தால் அடுத்த தவணையில் ஏற்றிவிடலாம். பல்கலைக்கழகத்தில் பெரும்பாலான பீடங்களில் ஒரு பாடத்தில் தவறி மறுபடி எழுதினால், எவ்வளவு நன்றாக எழுதினாலும் சி தரத்துக்கு மேலே தரமாட்டார்கள். சி என்றால் 2 புள்ளி. முதல் வகுப்புச் சித்திக்குப் பொதுவாக 4 புள்ளிக்கு 3.7 சராசரி வேண்டும், இரண்டாம் வகுப்பு மேல்நிலைக்கு 3.3. முதல் வருடத்திலேயே மூன்று பாடம் ரிப்பீட் என்றால் நான்காம் வருடத்தில் எவ்வளவு ஓடினாலும் அதை எட்டிப் பிடிப்பது கடினம். விரிவுரைக்கு வரும் வரவும் அப்படித்தான். 80 வீதம் இல்லாவிட்டால் பரீட்சை எழுத விடாத பீடங்கள் இருக்கின்றன. வீட்டுக் கலியாணம், கோயில் திருவிழா என்று பிள்ளையை அடிக்கடி கூப்பிடும் அம்மா அப்பாமார் இதைக் கொஞ்சம் மனதில் வைத்திருங்கள்.

மாவட்ட ஒதுக்கீடு பற்றியும் ஒரு வார்த்தை. பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீத இடம் அகில இலங்கைத் திறமை வரிசையில் போகிறது, 55 வீதம் மாவட்டங்களுக்குச் சனத்தொகைப்படி பிரிகிறது, மிச்சம் 5 வீதம் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கு. அந்தப் பட்டியலில் திருகோணமலையும் இருக்கிறது. அந்த வழியில் இடம் கிடைத்த சிலர், தாங்கள் ஒரு படி குறைந்தவர்கள் என்ற நினைப்போடு பின்வரிசையில் உட்கார்கிறார்கள். அதனாலேயே வாய் திறப்பதில்லை. தம்பி, தங்கச்சி, பௌதிகவியலுக்கு ஆசிரியர் இல்லாத பாடசாலையில் இருந்து நீங்கள் எடுத்த புள்ளி அது. 2006இல் போரால் சம்பூரில் இருந்து இடம்பெயர்ந்து, வருடக்கணக்காக முகாமில் இருந்த குடும்பங்களின் பிள்ளைகளும் அந்தப் புள்ளியை எடுத்திருக்கிறார்கள். கூச்சப்பட அதில் என்ன இருக்கிறது?

சரி, என்ன செய்யலாம்? முதலில், ஒரு கொப்பி எடுங்கள். விரிவுரையில் வரும் ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லுக்கும் பக்கத்தில் உயர்தரத்தில் படித்த தமிழ்ச் சொல்லை எழுதுங்கள். இரண்டு மாதத்தில் பாதிப் பயம் போய்விடும். அப்புறம் குப்பி. மூத்த மாணவர்களோ, உங்கள் வருடத்திலேயே நன்றாக விளங்கிய ஒருவரோ இரவில் கூட்டி வைத்துச் சொல்லித் தரும் அந்த வகுப்பைத் தவறவிடாதீர்கள். கோணேசபுரியில் இருக்கும் எங்கள் பல்கலைக்கழக வளாகத்தில் தமிழ், முஸ்லிம், சிங்கள மாணவர்கள் ஒன்றாகப் படிக்கிறார்கள். ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை: அனுராதபுரத்துச் சிங்களப் பிள்ளைக்கும் இந்த ஆங்கிலம் உங்களைப் போலவே இடிக்கிறது. பக்கத்து மேசையில் அவனும் அதே பக்கத்தைப் பார்த்து முழிக்கிறான். சேர்ந்து படியுங்கள். பிழையான ஆங்கிலத்தில் இருவரும் பேசிப் பேசித்தான் வாய் திரும்பும்.

பணம் பற்றிச் சுருக்கமாக. பல்கலைக்கழக மாணவர்களுக்கு மாதாமாதம் வரும் மகாபொல உதவித்தொகை 2025 வரவு செலவுத் திட்டத்தில் 5000 ரூபாயில் இருந்து 7500 ஆக உயர்ந்தது, நல்லது. ஆனால் போர்டிங் காசும் சாப்பாடும் பார்த்தால் அது போதாது, சேர்ந்த உடனேயே கைக்கு வரும் என்றும் எண்ண வேண்டாம். முதல் சில மாதச் செலவை இப்போதே ஒதுக்கி வையுங்கள். பகுதிநேர வேலைக்குப் போகும் பிள்ளைகள் இரவு வேலையைத் தவிருங்கள், காலை விரிவுரையில் கண் மூடும்.

பகிடிவதையை, அதாவது ராகிங்கை, சாதாரணமாக எடுக்காதீர்கள். 1997இல் பேராதனைப் பொறியியல் பீடத்தில் ஒரு தமிழ் மாணவர் பகிடிவதையால் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். அடுத்த வருடமே, 1998இல், அதைத் தடை செய்யும் 20ஆம் இலக்கச் சட்டம் வந்தது. இரண்டு வருடம் வரை சிறை, பாரதூரமான காயம் என்றால் பத்து வருடம் வரை. இருந்தும் இன்னும் நடக்கிறது. "நாங்களும் பட்டோம், நீயும் படு" என்று சொல்லும் மூத்த மாணவர் யாராவது இங்கே இருந்தால், உங்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன், நிறுத்துங்கள். பகலில் உங்களைக் கண்டு நடுங்கும் பிள்ளை இரவில் உங்களிடம் வந்து கணக்குக் கேட்குமா? பெற்றோர்களே, விடுமுறைக்கு வந்த பிள்ளை திரும்பிப் போக மறுத்தால் "படிக்கக் கள்ளம்" என்று திட்ட வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து என்ன நடந்தது என்று கேளுங்கள்.

உயர்தரம் முடிந்து பல்கலைக்கழகம் திறக்க ஒரு வருடமோ அதற்கு மேலோ காத்திருக்க வேண்டி வருகிறது. பையன்கள் கடை வேலைக்குப் போகிறார்கள், பெண் பிள்ளைகளுக்குக் கலியாணப் பேச்சு தொடங்குகிறது, படித்ததும் மறக்கிறது. இந்த இடைவெளியில்தான் ஆங்கிலத்துக்குத் தயாராக வேண்டும். அதற்குத் தனியார் வகுப்புக்குக் காசு கட்ட முடியாத வீடுகள் இங்கே நிறைய. ஆகவே பட்டம் முடித்து இந்த ஊரில் இருப்பவர்களைக் கேட்கிறேன்: கிழமைக்கு இரண்டு மணித்தியாலம் தாருங்கள். கிண்ணியாவிலோ தம்பலகாமத்திலோ பக்கத்தில் இருக்கும் நூலகத்தில் நாலு பிள்ளைகளைக் கூட்டி, முதல் வருடப் பாடத்தில் ஒரு பக்கத்தை ஆங்கிலத்தில் வாசித்துத் தமிழில் பேசுங்கள். உங்கள் வீட்டு அலுமாரியில் கிடக்கும் பழைய டியூட் பயிற்சித் தாள்களையும் கடந்தகால வினாத்தாள்களையும் கட்டிக் கொண்டுவந்து அவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.