வியாழன் மாலை அனுப்பிய பணம்

வணக்கம் நேயர்களே. மட்டக்களப்பில் ஒரு வங்கிக் கிளையின் கருமபீடத்தில் நீண்டகாலம் பணியாற்றிய எனக்கு, மிகப் பழக்கமான கேள்வி ஒன்று உண்டு. “மகன் வியாழக்கிழமையே கட்டாரில் காசு போட்டுவிட்டார் ஐயா, இன்னும் ஏன் வரவில்லை?”

வங்கிக்கு வங்கி பயணம் செய்வது பணமன்று, செய்தியே. பணம் ஒரு கணக்கில் கழிக்கப்பட்டு இன்னொன்றில் சேர்க்கப்படுகிறது. நமது வர்த்தக வங்கிகள் யாவும் இலங்கை மத்திய வங்கியில் கணக்கு வைத்திருப்பதால் உள்நாட்டில் இது எளிது. சிலிப்ஸ் என்ற வங்கிகளுக்கிடையிலான கொடுப்பனவு முறையில் கொடுப்பனவுகள் தொகுதி தொகுதியாகவே செல்லும். 2015இல் செஃப்ட்ஸ் என்ற உடனடிப் பணமாற்று முறை வந்த பின்னரோ, களுவாஞ்சிகுடியிலிருந்து கல்முனைக்குச் சில நொடிகளில் பணம் சேர்ந்துவிடுகிறது.

கடல் கடந்து வரும் பணத்துக்கு அப்படிப் பொதுவான மத்திய வங்கி கிடையாது. கட்டாரின் தலைநகர் டோகாவிலுள்ள ஒரு வங்கிக்கும் நமது வங்கிக்கும் நேரடிக் கணக்கு இல்லையெனில், இரண்டுக்கும் தொடர்புள்ள வேறொரு வங்கி, டொலர் என்றால் பெரும்பாலும் நியூயோர்க்கிலுள்ள வங்கி, இடையில் நின்று கணக்கைத் தீர்க்க வேண்டும். வங்கிகளை இணைக்க 1973இல் தொடங்கப்பட்ட ஸ்விஃப்ட் என்ற தகவல் அமைப்பு செய்தியை மட்டுமே கொண்டு செல்கிறது. வியாழன் மாலை கட்டியதை அங்குள்ள வங்கி வெள்ளியும் சனியும் விடுமுறை என்பதால் ஞாயிறன்றுதான் கையிலெடுக்கும். அன்று நமக்கும் நியூயோர்க்குக்கும் விடுமுறை. திங்கள் போயா எனும் பௌர்ணமி விடுமுறையாக அமைந்துவிட்டால் செவ்வாய்தான்.

ஆயினும் நான் கண்ட தாமதங்களில் மனதை அதிகம் வருத்தியது பெயரால் வந்தது. ஏறாவூரிலிருந்து ஒரு தாயார் மூன்று நாட்கள் தொடர்ந்து வந்தார். அவரது வங்கிப் புத்தகத்திலும் அடையாள அட்டையிலும் பெயருக்கு முன்னால் இருந்தது அவருடைய தந்தை பெயரின் முதலெழுத்து. மகனோ, வீட்டு வழக்கப்படி, தன் தகப்பனாரின், அதாவது அந்தத் தாயாரின் கணவரின், முழுப்பெயரைச் சேர்த்து எழுதியிருந்தார். கணக்கிலக்கம் சரியாகவே இருந்தது. இருந்தும், யாருக்குரிய பணம் என்பதை உறுதிப்படுத்த வேண்டிய கடப்பாடு வங்கிக்கு இருப்பதால், பெயர் பொருந்தாத பணத்தை ஓர் உத்தியோகத்தர் தன் விருப்பப்படி வரவு வைக்க முடியாது. விளக்கம் கேட்கும் செய்தி வந்த வழியே திரும்பிச் சென்று, பதிலும் அதே வழியாக வர வேண்டும்.

இந்தக் காரணத்தை நாங்கள் அவருக்கு மூன்றாம் நாள்தான் சொன்னோம். முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். “இன்னும் வரவில்லை” என்பது, பஸ் ஏறி வந்து வரிசையில் நின்ற ஒருவருக்குப் போதுமான பதில் அல்ல. காத்திருப்பவர்கள், அனுப்பியவரிடமிருந்து பற்றுச்சீட்டின் படத்தைப் பெற்று, அதிலுள்ள தொடர்பிலக்கத்தைக் கிளையில் காட்டுங்கள். பணம் எந்த இடத்தில் நிற்கிறது என்று தேட அது உதவும்.

திருத்தச் செய்தி ஐந்தாம் நாள் வந்தது. பணத்தைப் பெற்றுக்கொண்ட அந்தத் தாயார், கருமபீடத்தின் மேலேயே புத்தகத்தை விரித்து, முதற் பக்கத்தைக் கைத்தொலைபேசியில் படமெடுத்து மகனுக்கு அனுப்பிவிட்டுத்தான் வீடு திரும்பினார்.