ஜாமினி ராய் கையில இருந்த கோடு

எல்லாருக்கும் வணக்கம். போன தடவை இங்க வந்தப்ப ஒரு தங்கச்சி கேட்டாங்க, "சார், எதை வரைஞ்சாலும் வேற யாரோ வரைஞ்ச மாதிரியே இருக்கு, எனக்குன்னு ஒரு ஸ்டைல் எப்பதான் வரும்?"னு. அன்னைக்கு டைம் இல்ல, ஏதோ சொல்லிட்டு கிளம்பிட்டேன், அப்புறம் மனசே கேக்கல. அதான் இன்னைக்கு வங்காள ஓவியர் ஜாமினி ராய் பத்தி மட்டும் பேசப்போறேன்.

1887ல வங்காளத்துல பாங்குரா மாவட்டத்துல பேலியாதோர்ங்கற ஊர்ல பொறந்தவர். 16 வயசுல கல்கத்தா அரசு ஓவியப் பள்ளிக்கு வந்துட்டார். அங்க ஐரோப்பிய முறையில பாடம், ஆயில் பெயிண்ட், நிழல் வெளிச்சம், எதிர்ல உக்காந்திருக்கற ஆளை அச்சு அசலா வரையறது. நல்லாவே கத்துக்கிட்டார், போர்ட்ரெய்ட் வரைஞ்சுதான் பொழப்பு ஓடுச்சு. ஆனா திருப்தி இல்ல, வயசு முப்பதத் தாண்டிடுச்சு, இன்னும் தேடிட்டேதான் இருக்கார். இதை நல்லா கவனிங்க, உங்கள்ல பாதி பேருக்கு இன்னும் இருபதே ஆகல.

1920கள்லதான் அவர் பார்வை காளிகாட் படங்கள் பக்கம் திரும்புது, அதாவது கல்கத்தாவுல காளி கோயிலுக்கு வர்ற ஜனங்களுக்காக பட்டுவாங்க, அதாவது பரம்பரையா படம் வரையறவங்க, வரைஞ்சு வித்த படங்க, தூரிகைய ஒரே இழுப்புல வளைச்சு தோளும் கையும் கொண்டுவந்துடுவாங்க. அதோட நின்னுருந்தா அவரும் இன்னொரு காளிகாட் ஓவியர்தான். அவர் என்ன நெனச்சார்னா, இதுலயும் பட்டணத்து ருசி ஏறிப்போச்சு, வேர் இன்னும் உள்ள இருக்குன்னு, திரும்பி சொந்த ஜில்லாவுக்கே போனார், கிராமத்து பட ஓவியம், மண் பொம்மை, பிஷ்ணுபூர் கோயில் சுடுமண் சிற்பம், சின்ன வயசுல பாத்ததையே மறுபடி உக்காந்து பாத்தார்.

கான்வாஸ விட்டுட்டார். துணி, பாய், பலகை இதுல சுண்ணாம்பு பூசி வரைஞ்சார். மண்ணுலயும் செடியிலயும் எடுத்த கலர், விளக்குப் புகைக் கரி, பசைக்கு புளியங்கொட்டை. பெரும்பாலும் ஏழே கலர்.

இப்ப நான் சொல்றது என் அபிப்ராயம். பள்ளியில படிச்சத அவர் தூக்கிப் போட்டுட்டார்னு நிறைய பேர் சொல்றாங்க, நான் ஒத்துக்க மாட்டேன். வருஷக்கணக்கா மனுஷ உடம்ப பாத்துப் பாத்து வரைஞ்ச கை அது, தோள் எங்க திரும்பும், கழுத்து எங்க சாயும்னு அந்தக் கைக்குத் தெரியும், அதனாலதான் நிழலே போடாம வெறும் கோட்டுலயே உடம்போட கனம் நமக்குத் தெரியுது. பட்டுவாங்க கிட்ட கோட்ட வாங்கினார், அதுக்குள்ள போட்ட கனம் இவரோடது.

டெல்லி நேஷனல் கேலரியில அவர் படங்க முன்னாடி ரொம்ப நேரம் நின்னிருக்கேன். பாதாம் வடிவத்துல கண்ணு, காது வரைக்கும் நீளும், பல படத்துல உள்ள கருவிழியே இருக்காது. இருந்தும் நம்மளப் பாக்கும்.

தம்பி, அந்த லைட்ட கொஞ்சம் அணைங்க. ஸ்லைடு போடறேன், முதல் படம் அவர் ஆயில்ல வரைஞ்ச போர்ட்ரெய்ட், அடுத்தது சந்தால் பழங்குடிப் பொண்ணு. ரெண்டுலயும் கழுத்த மட்டும் பாருங்க.