இடுப்பு அடிபட்ட கிடை நாய்

நேயர்களுக்கு வணக்கம்.

பிசான நெல் அறுப்பு முடிந்துவிட்டால் திருநெல்வேலி மாவட்டத்தில் மானூர், தேவர்குளம், கங்கைகொண்டான் பக்கம் வயல்களில் ஆட்டுக்கிடை அமர்த்துவார்கள், அதாவது உரத்துக்காக ராத்திரியில் ஆட்டு மந்தையை வயலிலேயே அடைத்து வைப்பார்கள். ஆட்டுக்காரர் அசந்து தூங்கினாலும் கிடை நாய் தூங்காது. நரி வந்தாலும் சரி, ஆடு திருட ஆள் வந்தாலும் சரி, முதல் சத்தம் அதனுடையதுதான். அந்த நாய் முதுகில் அடிபட்டு, பின்னங்காலை இழுத்துக்கொண்டு வந்து நின்றால் என்ன செய்யலாம்? கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஆட்டுக்கு ஒன்று என்றால் ராத்திரியிலும் கதவைத் தட்டுகிறவர்கள், நாய்க்கு இடுப்பு விழுந்துவிட்டால், "அதுக்கு விதி முடிஞ்சுது டாக்டர், விடுங்க" என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். எனக்கு அது ரொம்ப வருத்தமான பேச்சு. ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் எழுந்து நடக்கக்கூடிய நாயைத்தான் பல சமயம் கைவிடுகிறோம்.

அடிபடுகிற வழிகள் உங்களுக்கே தெரியும். ரோட்டைக் கடக்கும்போது பைக் இடிக்கும். காட்டுப்பன்றி தூக்கி வீசும். மொட்டைக் கிணற்றில் விழும். இப்போது கிடையை லோடு வண்டியில் ஏற்றி ஊர்விட்டு ஊர் போகிறார்கள். வண்டி நிற்பதற்கு முன்னால் நாய் மேலேயிருந்து குதிக்கும்.

நாய்க்கு விலா எலும்பு சேர்கிற முள்ளெலும்புகள் 13, அதற்குப் பின்னால் இடுப்புப் பக்கம் 7. இந்த இரண்டும் சேர்கிற இடத்தில்தான் பெரும்பாலும் கோளாறு வரும். ஒவ்வொரு எலும்புக்கும் நடுவில் ஒரு டிஸ்க் இருக்கிறது. மேலே கெட்டியான நார், உள்ளே நுங்கு மாதிரி வழவழப்பு. அடியில் அந்த நார் கிழிந்தால் உள்ளே இருப்பது பிதுங்கி வந்து தண்டுவடத்தை அழுத்தும். எலும்பே முறிந்து அழுத்துவதும் உண்டு. வெளியில் ஒரு கீறல்கூட இருக்காது, ஆனால் பின்பாதி வேலை செய்யாது.

மற்றதைச் சொல்லுவதற்கு முன்னால் ஒரு எச்சரிக்கை. அடிபட்டதை யாராவது பார்த்தார்களா என்று முதலில் விசாரியுங்கள். யாருமே பார்க்கவில்லை, நாய்க்குத் தடுப்பூசியும் போடவில்லை, பின்னங்கால் மட்டும் விழுந்திருக்கிறது என்றால், வெறிநோயாகவும் இருக்கலாம். வெறிநோய் எப்போதும் கடித்துக் குதறிக்கொண்டு வராது. கால் விழுந்து, தாடை தொங்கி, எச்சில் வடித்துக்கொண்டு சாதுவாகப் படுத்துக்கிடக்கிற வகையும் உண்டு. தொண்டையில் எலும்பு மாட்டியிருக்கிறது என்று நினைத்து வாய்க்குள் கையை விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். கடியோ எச்சிலோ பட்டுவிட்டால் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு நேராக அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். கிடை நாய்க்கு வருஷா வருஷம் வெறிநோய்த் தடுப்பூசி கட்டாயம்.

சரி, அடிபட்டதுதான் என்று தெரிந்துவிட்டது. அடுத்து நாயைத் தூக்குகிற விதம். முன்னங்காலில் ஒருவர், பின்னங்காலில் ஒருவர் பிடித்துத் தூக்கவே கூடாது. நடுவில் முதுகு தொங்கும், பாதி அழுந்திய தண்டுவடம் முழுக்க அழுந்திப்போகும். ஒரு பலகையைப் பக்கத்தில் வையுங்கள். பலகை இல்லையா, பழைய கதவு போதும். நாயை அப்படியே சாக்கோடு மெதுவாக இழுத்து அதன்மேல் கிடத்தி, உருளாதபடி துண்டால் லேசாகக் கட்டுங்கள். வலியில் வளர்த்தவரையே கடிக்கும் என்பதால் நாயின் வாயைத் துணியால் கட்டலாம். வாந்தி எடுத்தாலோ மூச்சு வாங்கினாலோ மட்டும் கட்டாதீர்கள். கால்நடை ஆம்புலன்ஸுக்கு எண் 1962. ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி 2012லிருந்து நடக்கிறது. நம்ம பக்கத்துக்காரர்கள் அங்கேயும் கொண்டுபோகலாம்.

வீட்டில் இருக்கிற மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் கூட்டிக்கொண்டு வராதீர்கள். நாம் சாப்பிடுகிற வலி மாத்திரைகளில் டைக்ளோபினாக், இபுபுரூபன் எல்லாம் நாயின் குடலையும் சிறுநீரகத்தையும் புண்ணாக்கும். டாக்டர் ஸ்டீராய்டு ஊசி போடுகிறவராக இருந்தால் இன்னும் ஆபத்து, இரண்டும் சேர்ந்தால் குடல் ஓட்டையாகிவிடலாம். முதுகில் சூடு போடுகிற பழக்கமும் நம்ம ஊரில் இன்னும் இருக்கிறது. உணர்ச்சி இல்லாத தோலில் போட்ட சூடு ஆறவே ஆறாது. நரம்பு எடுத்துவிடுகிறேன் என்று இடுப்பைப் பிடித்து இழுப்பதும் வேண்டாம்.

டாக்டர் நாயின் கால் விரலை அழுத்திப் பார்ப்பார். நாய் காலை வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும். "உணர்ச்சி இருக்கு, உணர்ச்சி இருக்கு" என்று கூட வந்தவர்களுக்குச் சந்தோஷம் வந்துவிடும். ஆனால் காலை இழுப்பதற்கு மூளை தேவையில்லை, இடுப்புப் பக்கத்துத் தண்டுவடமே அந்த வேலையைச் செய்துவிடும். அதனால் காலைப் பார்க்காதீர்கள், முகத்தைப் பாருங்கள். விரலை அழுத்தும்போது திரும்பிப் பார்க்கிறதா, முனகுகிறதா, கடிக்க வருகிறதா? அப்படியென்றால் சேதி மூளைக்குப் போகிறது, தண்டுவடம் முழுக்க அறுந்துபோகவில்லை. இந்த நாய்களில் பெரும்பாலானவை தேறும். முகத்தில் எந்த மாற்றமும் இல்லையென்றால் நிலைமை மோசம். அறுவைச் சிகிச்சை செய்யலாமா என்று உடனே முடிவெடுக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் தள்ளிப்போகப் போக வாய்ப்பு குறைந்துகொண்டே வரும்.

இனிமேல் சொல்லப்போவதுதான் வீட்டுக்காரர்கள் கையில் இருக்கிற வைத்தியம்.

முதலாவது மூத்திரம். கேட்கச் சங்கடமாக இருக்கலாம், ஆனால் நடக்க முடியாத நாயைச் சாகடிப்பது பல நேரம் முதுகு இல்லை, மூத்திரப்பைதான். இடுப்பு விழுந்த நாய்க்குத் தானாக மூத்திரம் போக முடியாது. துளித்துளியாகச் சொட்டும். அதைப் பார்த்து, "போகுது டாக்டர்" என்பார்கள். பை நிரம்பி வழிகிறது என்பதுதான் அதற்கு அர்த்தம். நாளுக்கு மூன்று நான்கு முறை நாம்தான் பிதுக்கி எடுக்க வேண்டும். டாக்டரிடம் கேட்டு ஒருமுறை கையால் பழகிக்கொள்ளுங்கள். மானூர் பக்கத்தில் ஒரு ஆச்சி இதைச் செய்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். நாயின் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கையையும் தொடைக்கு முன்னால் அடிவயிற்றில் வைத்துக்கொண்டார்கள். உருண்டையாகத் தட்டுப்படுகிற வரை தடவிப் பார்த்துவிட்டு, அவசரமே இல்லாமல் இரண்டு பக்கமும் ஒரே சீராக அழுத்தினார்கள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் சரசரவென்று பீய்ச்சியது. "மாட்டுல பால் கறக்க எத்தனை வருசம் ஆச்சு, இது என்ன பெரிய வேலை" என்றார்கள். வெடுக்கென்று அமுக்கினால் பை கிழிந்துவிடும், அதனால்தான் அந்த நிதானம் வேண்டும். மூத்திரம் கலங்கலாகவோ ரத்தமாகவோ, கெட்ட நாற்றத்தோடோ வந்தால் சீழ் பிடித்திருக்கிறது, மருந்து வேண்டும்.

இரண்டாவது படுக்கை. வைக்கோலை நன்றாகப் பரப்பி, மேலே சாக்கு. நனைந்தால் உடனே மாற்ற வேண்டும். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்காவிட்டால் இடுப்பு எலும்பு துருத்துகிற இடத்தில் புண் வரும், ஈ முட்டையிட்டுப் புழு வைத்துவிடும். நடக்க முடியாத நாய் அதை நக்கவும் முடியாமல் கிடக்கும். தினமும் வாலைத் தூக்கி அடிப்பக்கத்தைப் பார்த்துக் கழுவித் துடையுங்கள்.

மூன்றாவது ஓய்வு. இதைத்தான் அழுத்திச் சொல்ல ஆசைப்படுகிறேன். குறைந்தது நான்கு வாரம், முடிந்தால் ஆறு வாரம், நாய் அடைந்து கிடக்க வேண்டும். எழுந்து நின்று திரும்பிப் படுக்க இடம் இருந்தால் போதும். ஆட்டுக்குட்டிகளை அடைக்கிற கூட்டில் ஒன்றை ஒதுக்கிக் கொடுங்கள், வேறு செலவே வேண்டாம். மற்ற நாய்கள் விளையாடக் கூப்பிடாத இடமாக இருக்கட்டும். வெளிக்குப் போக மட்டும் கயிற்றில் பிடித்து, வயிற்றுக்கு அடியில் ஒரு துண்டைக் கொடுத்துப் பின்பாதியைத் தாங்கிக் கூட்டிப்போக வேண்டும்.

இரண்டாவது வாரத்திலேயே பல நாய்கள் எழுந்து நிற்கும். வலி போய்விட்டது, வால் ஆடுகிறது, ராத்திரி கிடையில் ஆடு கத்தினால் கூட்டை முட்டுகிறது. பாவம், அடைத்து வைத்திருக்கிறோமே என்று மனசு கேட்காமல் திறந்துவிடுவார்கள். ஒரே பாய்ச்சலில் கிடையைச் சுற்றி ஓடும். மறுநாள் காலையில் மறுபடியும் இழுத்துக்கொண்டு வரும், முன்பைவிட மோசமாக. வலி நிற்பது ஒன்று, டிஸ்க்கின் கிழிசல் ஆறுவது ஒன்று. ஆறுவதற்கு வாரக்கணக்கு ஆகும். வேலை பழகிய நாய்க்கு அது தெரியாது. உயிரே போனாலும் ஆட்டுச் சத்தம் கேட்டால் ஓடத்தான் செய்யும். அதைத் தடுத்து நிறுத்த வேண்டியது நம்முடைய பொறுப்பு.

அடைந்து கிடக்கிற காலத்தில் தீனியைக் குறைத்துக்கொள்ளுங்கள், உடம்பு போட்டால் முதுகுக்குத்தான் பாரம். கால்களும் இறுகக்கூடாது. டாக்டர் சரி என்றதும், படுத்திருக்கும்போது ஒவ்வொரு மூட்டையும் மெதுவாக மடக்கி நீட்டிப் பத்துப் பதினைந்து தடவை, நாளுக்கு இரண்டு மூன்று வேளை செய்யலாம். உணர்ச்சி திரும்புகிற வரிசையையும் கவனியுங்கள். முதலில் விரலில் வலி தெரியும், அப்புறம் உங்களைப் பார்த்து வால் அசையும், பிறகு கால் அசையும். பாதத்தைத் திருப்பிப் புறங்கால் தரையில் படும்படி வைத்துப் பாருங்கள். நல்ல நாய் உடனே சரிசெய்துகொள்ளும். அது திரும்புவது பெரும்பாலும் கடைசியில்தான். அதுவரை சிமெண்ட் தரையில் நடக்க விடாதீர்கள், பாதம் தேய்ந்து ரத்தம் கசியும்.

தண்ணீர் நல்ல வைத்தியம். இடுப்பளவு தண்ணீரில் நிற்கிற நாயின் கால்கள் தாங்குவது உடல் எடையில் ஏறக்குறைய 40 சதவீதம்தான். அதனால் தரையில் நிற்க முடியாத நாயும் தண்ணீரில் கால் வைத்துப் பழகும். நமக்குத் தாமிரபரணி இருக்கிறது, ஊருக்கு ஊர் குளம் இருக்கிறது. ஓட்டமில்லாத, அடி தெரிகிற இடமாகப் பார்த்து, நீங்களும் கூட இறங்கி, வயிற்றுக்கு அடியில் கையைக் கொடுத்துக்கொள்ளுங்கள். வாய்க்கால் ஓட்டத்தில் மட்டும் வேண்டாம். புண் இருந்தாலும் இறக்கக்கூடாது.

ஆறு வாரம் கழித்துக் கயிற்றோடு கொஞ்ச தூரம் நடை. பிறகு வாரா வாரம் தூரத்தைக் கூட்டலாம். அது முடிந்து கிடையோரத்தில் பகலில் விடலாம், ராத்திரிக் காவல் கடைசியில். குணமாகிவிட்டதா என்று சோதிக்க முயலை விரட்டச் சொல்லிவிடுகிற ஆட்கள் இருக்கிறார்கள், குறிப்பாகக் கன்னி, சிப்பிப்பாறை மாதிரி வேட்டை நாய் இனங்கள் வைத்திருப்பவர்கள். முயல் வேட்டை 1972ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், ஆறாத முதுகுக்கு அந்தத் திருப்பமும் பாய்ச்சலும் ஆகாது. லோடு வண்டியில் ஏற்றும்போதும் இறக்கும்போதும் வாழ்நாள் முழுக்கக் கையில் தூக்கித்தான் இறக்க வேண்டும். மார்புக்கு ஒரு கை, இடுப்புக்கு ஒரு கை.

எல்லா நாயும் பழையபடி ஓடாது. நடை கொஞ்சம் தள்ளாடும், பின்பக்கம் ஆடும். அந்த நாய்க்கும் கிடையில் வேலை உண்டு. மோப்பமும் காதும் எங்கேயும் போகவில்லை. கிடை வலைக்குப் பக்கத்தில் உயரமில்லாத ஒரு மேட்டில் படுக்க வைத்தால் அங்கிருந்தே குரல் கொடுக்கும், ஓடுகிற வேலையை இளசுகள் பார்த்துக்கொள்ளும். குட்டி நாய்கள் காவல் பழகுவதும் அந்தக் குரலைக் கேட்டுத்தான். அதற்கும் மற்ற நாய்களுக்கு வைக்கிற அதே கஞ்சியை, அதே நேரத்தில் வையுங்கள் அண்ணாச்சி.

நன்றி, வணக்கம்.