எலும்புக்கும் ஒரு முகவரி

எல்லோருக்கும் வணக்கம். "டைனோசரையும் பைபிளையும் ஒரே மேடையில் ஏற்றினால் சண்டை வருமே" என்று வரும் வழியில் ஒரு நண்பர் எச்சரித்தார். வந்தால் வரட்டும். அதற்குள் நாம் ஒரு மாட்டுப் பண்ணைக்குப் போய்விட்டு வந்துவிடுவோம்.

அமெரிக்காவில் வயோமிங் மாநிலத்தின் கிழக்கில் இருக்கிறது ஹேன்சன் பண்ணை. அங்கே ஒரு மண்ணடுக்கு முழுக்க எட்மொன்டோசாரஸ் எலும்புகள். வாத்து மூக்கு மாதிரி வாயுள்ள, இலைதழை தின்னும் பெரிய டைனோசர் அது. 1990-களிலிருந்து கோடைதோறும் டெக்சாஸிலிருந்து மாணவர்களும் ஆசிரியர்களும் வந்து இங்கே தோண்டுகிறார்கள். கீன் என்ற சிற்றூரிலுள்ள சவுத்வெஸ்டர்ன் அட்வென்டிஸ்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள். ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபை நடத்தும் கல்வி நிலையம் அது. ஆறு நாளில் படைப்பு முடிந்தது, அதுவும் சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்புதான் என்பது அந்தச் சபையின் போதனை.

"அப்படியானால் தோண்டி என்ன பயன்?" என்று சிலர் சிரிக்கலாம். சிரிப்பதற்கு முன் அவர்கள் வேலை செய்கிற விதத்தைப் பாருங்கள்.

மண்ணில் ஒரு எலும்பு தலைகாட்டினால் நமக்கெல்லாம் உடனே பிடுங்கிப் பார்க்கத்தான் கை பரபரக்கும். அவர்கள் பிடுங்குவதில்லை. ஊசியும் பிரஷ்ஷும் வைத்துச் சுற்றிலும் மண்ணை நீக்குகிறார்கள். எண் கொடுக்கிறார்கள், படம் எடுக்கிறார்கள், துல்லியமான ஜிபிஎஸ் கருவியால் அது கிடந்த இடத்தையும் எந்தத் திசை பார்த்துக் கிடந்தது என்பதையும் பதிவு செய்கிறார்கள். எடுப்பது அதற்கப்புறம்தான். ஊருக்குத் திரும்பிய பிறகும் கணினியில் அந்த அடுக்கை அப்படியே எழுப்பிப் பார்க்கலாம். எலும்பை எடுத்தவன் அதன் முகவரியைத் தொலைத்துவிட்டால் மிஞ்சுவது அலமாரிப் பொம்மைதான்.

இப்படிச் சேர்ந்த 13,000-க்கும் மேற்பட்ட எலும்புகளை வைத்து ஆர்தர் சாட்விக் உள்ளிட்டோர் 2020-இல் பிளாஸ் ஒன் ஆய்விதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். அடுக்கின் கனம் ஒன்று முதல் இரண்டு மீட்டர். பெரிய எலும்புகள் அடியில், சிறியவை மேலே. ஒரு குடம் தண்ணீரில் மணலையும் கூழாங்கல்லையும் போட்டுக் கலக்கி வைத்தால் எது முதலில் அடியில் தங்கும்? அதே கதைதான். எலும்புகள் தேயவில்லை, ஆகவே ஆற்றில் நெடுநாள் உருளவில்லை. ஆனால் மூட்டுகள் கழன்று தனித்தனியாகக் கிடக்கின்றன, ஆகவே செத்த சூட்டில் புதைந்ததும் இல்லை. எங்கோ கூட்டமாக மடிந்து, சதை அழுகி, அதற்குப் பிறகு சேறும் நீரும் ஒரே மூச்சில் அள்ளிக்கொண்டு வந்து கொட்டியிருக்க வேண்டும். அழகான துப்பறிதல், இல்லையா?

சரி, இப்போது சண்டைக்கு வருவோம். இந்தப் பாறைக்குப் புவியியல் சொல்லும் வயது சுமார் 6.6 கோடி ஆண்டு. வெள்ளம் அள்ளிக் கொட்டியது என்றதும் சிலருக்கு, உலகையே மூழ்கடித்ததாக பைபிள் சொல்லும் வெள்ளமும் அதில் மிதந்த நோவாவின் பேழையும் நினைவுக்கு வந்துவிடுகின்றன. நான் அதை ஏற்கவில்லை. லான்ஸ் என்று பெயரிட்டிருக்கும் அந்தப் பாறைத் தொகுதி ஆறுகளும் அவற்றின் வெள்ளச் சமவெளியும் நெடுங்காலம் படியவைத்த வண்டலும் மணலும். அதற்குள் இந்த எலும்பு அடுக்கு ஒரே ஒரு நாளின் விபத்து. ஒரு ஊரில் வந்த வெள்ளத்தை வைத்து உலகமே மூழ்கியது என்று கணக்கு எழுத முடியுமா? அந்த 2020 கட்டுரை பேழையைப் பற்றிப் பேசுவதே இல்லை. எலும்பு எங்கே கிடந்தது என்பதில் எனக்கும் அவர்களுக்கும் தகராறு இல்லை. எப்போது என்பதில்தான்.

இந்தத் தகராறு பழையதுதான். 1824-இல் மெகலோசாரஸ் என்று முதன்முதலில் ஒரு டைனோசருக்கு அறிவியல் பெயர் சூட்டி விவரித்தவர் வில்லியம் பக்லேண்ட். ஆக்ஸ்ஃபோர்டில் புவியியல் கற்பித்த ஆங்கிலிக்கன் பாதிரியார். அதற்கு முந்திய ஆண்டுதான் குகைகளில் கிடைத்த விலங்கெலும்புகளை உலகப் பெருவெள்ளத்துக்குச் சாட்சியாக வைத்து ஒரு புத்தகமே போட்டிருந்தார். அப்புறம் மேலும் மேலும் பாறைகளைப் பார்த்தார். 1836-இல், அந்த வெள்ளம் நோவா காலத்து வெள்ளம் அல்ல என்று தானே எழுதினார். அங்கியை யாரும் பறிக்கவில்லை. 1845-இல் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்துக்கே தலைமைக் குருவானார்.