சிலி மக்கள் மனம் மாறினார்களா?

வணக்கம். சிலி நாட்டைப் பற்றி நான் பேசியதைக் கேட்டுவிட்டு ஒரு நேயர் கேள்வி அனுப்பியிருக்கிறார். படிக்கிறேன். ‘2020-இல் நூற்றுக்கு 78 பேர் புதிய அரசமைப்புச் சட்டம் வேண்டும் என்றார்கள். 2022-இல் எழுதிக் கையில் கொடுத்தபோது நூற்றுக்கு 62 பேர் வேண்டாம் என்றார்கள். அதே மக்கள்தானே? மனம் மாறிவிட்டார்களா, பொய்ப் பிரசாரத்தில் ஏமாந்துவிட்டார்களா?’

‘அதே மக்கள்’ என்கிறீர்களே, அங்கேதான் இடறுகிறது. நூற்றுக்கு எத்தனை என்பதைச் சற்று ஒதுக்கிவிட்டுத் தலைகளை எண்ணுவோம். 2020 அக்டோபரில் வாக்களிப்பது அவரவர் விருப்பம். பாதிப் பேர்தான் வந்தார்கள். வேண்டும் என்றவர்கள் ஏறத்தாழ 59 லட்சம், வேண்டாம் என்றவர்கள் 16 லட்சம். 2022 செப்டம்பர் 4 அன்று வாக்களிப்பது கட்டாயம், வராவிட்டால் அபராதம். இந்த முறை ஆதரவு 48 லட்சத்துச் சொச்சம், எதிர்ப்பு 79 லட்சத்தை நெருங்கியது. ஆதரவில் குறைந்தது பத்து லட்சம்தான்; எதிர்ப்பில் கூடியதோ அறுபது லட்சத்துக்கு மேல். முதல் முறை வீட்டிலேயே இருந்துவிட்டவர்கள் இந்த முறை சாவடிக்கு வந்தார்கள் என்பதே இந்தக் கணக்கின் பெரும்பகுதி. மனம் மாறியவர்களும் உண்டு, மறுக்கவில்லை.

இன்னொன்று, கேட்கப்பட்ட கேள்வியும் ஒன்றல்ல. 2019-இல் தலைநகர் சாந்தியாகோவில் மெட்ரோ ரயில் கட்டணம் 30 பெசோ ஏறியதில் வெடித்த கோபம், ராணுவ சர்வாதிகாரி பினோசேயின் ஆட்சியில் வந்த 1980-ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டத்தின் மீது திரும்பியது. முதல் வாக்கெடுப்பில் புதியது வேண்டுமா, யார் எழுதுவது என்று மட்டும் கேட்டார்கள். இரண்டாவதில் 388 பிரிவுகள் கொண்ட வரைவை நீட்டி, இது சம்மதமா என்றார்கள். கல்யாணத்துக்குச் சம்மதம் என்று சொன்னவர், காட்டிய முதல் வரனுக்கே தலையாட்ட வேண்டும் என்று கட்டாயமா என்ன?

அந்த வரைவை எழுதியது 155 பேர் கொண்ட பேரவை. ஆணும் பெண்ணும் ஏறத்தாழச் சரிபாதி. பழங்குடியினருக்கு 17 இடங்கள். பல தேசிய இனங்களின் அரசு, பழங்குடியினருக்குத் தனி நீதிமுறை, செனட் சபைக்குப் பதிலாக மண்டலங்களின் அவை என்று எல்லாவற்றையும் ஒரே கட்டில் வைத்தார்கள். உங்கள் வீட்டை அரசு எடுத்துக்கொள்ளும் என்ற வதந்தி பரவியது உண்மை. வரைவில் சொத்துரிமைக்குப் பாதுகாப்பு இருந்ததும் உண்மை. ஆனால் தோல்வி முழுவதையும் வதந்தியின் தலையில் கட்டுவது சோம்பல் என்பேன்.

பெத்தோர்க்கா என்ற ஊரைப் பாருங்கள். வெண்ணெய்ப்பழத் தோட்டங்களுக்குத் தண்ணீர் போகிறது, குடியிருப்புகளுக்கு லாரியில் தண்ணீர் வருகிறது. தண்ணீர் உரிமையைத் தனியார் சொத்தாகக் காக்கும் 1980 சட்டத்துக்கு எதிராகப் பேசுகிறவர்கள் முதலில் காட்டும் ஊர் அதுதான். புதிய வரைவு தண்ணீரை யாரும் சொந்தமாக்கிக்கொள்ள முடியாத பொதுச் சொத்து என்றது. அந்த ஊரிலேயே நூற்றுக்கு 56 பேர் வேண்டாம் என்றார்கள்! தண்ணீர்ப் பிரிவுக்கு மட்டும் தனியாக வாக்களிக்க வழியில்லையே. 388-ஐயும் சேர்த்து ஏற்க வேண்டும், அல்லது சேர்த்துத் தள்ள வேண்டும்.

அப்படியானால் மக்கள் வலதுசாரிப் பக்கம் போய்விட்டார்கள் என்று முடிவு கட்டலாமா? 2023-இல் வலதுசாரிகள் கை ஓங்கிய இன்னொரு மன்றம் இன்னொரு வரைவை எழுதியது. அதில் எனக்குப் பிடித்த சண்டை ஒரு சொல்லைப் பற்றியது. பிறக்கவிருக்கும் உயிரைச் சட்டம் பாதுகாக்கும் என்று பழைய சட்டத்திலேயே உண்டு. அங்கே ஸ்பானிய மொழியில் ‘கே’ என்று இருந்த இடத்தில் புதிய வரைவு ‘கியேன்’ என்று போட்டது. ‘கே’ எதற்கும் பொருந்தும். ‘கியேன்’ ஆளுக்கு மட்டும். நமக்குத் திணை இருப்பதால் சட்டென்று புரியும்: ‘பிறக்கவிருப்பது’ என்பதை ‘பிறக்கவிருப்பவர்’ என்று திருத்தியதுபோல. மூன்று காரணங்களுக்காகக் கருக்கலைப்பை அனுமதித்த 2017-ஆம் ஆண்டுச் சட்டம் இந்த ஒரு சொல்லால் செல்லாமல் போய்விடும் என்று எதிர்த்தவர்கள் அஞ்சினார்கள். டிசம்பர் 17 அன்று அந்த வரைவையும் நூற்றுக்கு 56 பேர் நிராகரித்தார்கள்.

ஆக, இன்றும் நடப்பில் இருப்பது பலமுறை திருத்தப்பட்ட அதே 1980 சட்டம்தான். 2005-இல் பினோசேயின் கையெழுத்தை நீக்கி, அன்றைய அதிபர் ரிக்கார்தோ லாகோஸின் கையெழுத்தைப் போட்டார்கள். 2022-இல் வாக்கெடுப்புக்குச் சில வாரங்கள் முன்பு, அதைத் திருத்தத் தேவையான ஆதரவை நாடாளுமன்றம் ஏழில் நான்கு பங்காகக் குறைத்தது. பெத்தோர்க்காவின் தண்ணீருக்கு இனி ஏதாவது வழி பிறந்தால், அந்த வாசல் வழியாகத்தான் பிறக்கும் என்று நினைக்கிறேன். அடுத்த கேள்விக்குப் போகலாம்.