இந்தப் பணம் எப்போது வேண்டும்?

நேயர்களுக்கு வணக்கம். பங்குச் சந்தை நாலு நாள் தொடர்ந்து இறங்கினால் போதும், "மியூச்சுவல் ஃபண்டில் இருப்பதை எடுத்து பேங்க்கில் போட்டுவிடலாமா?" என்ற கேள்வி வந்துவிடுகிறது. சந்தை இன்னும் இறங்குமா என்று கேட்பவர்கள் நிறைய. அந்தப் பணம் தங்களுக்கு எந்த வருஷம் தேவைப்படும் என்று யோசித்தவர்கள் குறைவு. முடிவோ அதில்தான் இருக்கிறது.

2020 ஜனவரியில், மும்பை பங்குச் சந்தையின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் குறியீடான சென்செக்ஸ் 42,000 புள்ளிகளைத் தாண்டியிருந்தது. கொரோனா பயத்தில் மார்ச் 23 அன்று ஒரே நாளில் 13 சதவீதம் விழுந்து 26,000க்குக் கீழே முடிந்தது. அன்றைக்கு விற்றவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஊரே அடங்கிக் கிடந்த நேரம் அது. ஆனால் அதே வருஷம் நவம்பரில் சந்தை பழைய உயரத்தைக் கடந்துவிட்டது. பத்து வருஷம் கழித்து வேண்டிய பணத்தை அன்று எடுத்தவர்களுக்குத்தான் நிஜமான நஷ்டம்.

இதை வைத்து, காத்திருந்தால் எல்லாம் சீக்கிரம் சரியாகிவிடும் என்றும் சொல்ல முடியாது. 2008 ஜனவரியில் 21,000ஐத் தொட்ட சென்செக்ஸ், 2009 மார்ச்சில் 8,200க்கும் கீழே போனது. 2010 நவம்பரில் ஒருமுறை 21,000ஐ எட்டிப் பார்த்துவிட்டு மறுபடியும் சறுக்கியது. 2013 கடைசியில்தான் அந்த உயரத்தைத் தாண்டியது. கிட்டத்தட்ட ஆறு வருஷம்! நடுவில் மகள் கல்யாணமோ கல்லூரிக் கட்டணமோ வந்திருந்தால் அந்தக் குடும்பம் என்ன செய்திருக்கும்?

அதனால்தான் சொல்கிறேன், மூன்று நாலு வருஷத்துக்குள் வேண்டிய பணம் பங்குகளில் இருக்கவே கூடாது. சந்தை நன்றாக ஏறிக்கொண்டிருந்தாலும் அதை எடுத்து பிக்சட் டெபாசிட்டில் போட்டுவிடுங்கள். ஆறு மாதக் குடும்பச் செலவும் அப்படித்தான், நினைத்தவுடன் எடுக்கும்படி இருக்க வேண்டும். மற்றபடி முப்பது வயதில் ஓய்வுக்காலத்துக்குச் சேர்ப்பவர், மாதாமாதம் ஃபண்டில் போடும் எஸ்.ஐ.பி.யை நிறுத்திவிட்டு டெபாசிட்டுக்கு ஓடத் தேவையில்லை. ஏழு சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டாலும், 30 சதவீத வரி வரம்பில் இருப்பவருக்குக் கையில் நிற்பது ஐந்துக்கும் கீழே. விலைவாசி ஏற்றம் அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும்.

எனக்கு அதிகக் கவலை தருவது ஐம்பத்தைந்தைத் தாண்டியவர்கள்தான். ஓய்வு பெற்ற கையோடு சந்தை விழுந்தால், மாதச் செலவுக்காக அடிமாட்டு விலைக்கு ஃபண்ட் யூனிட்டுகளை விற்க வேண்டிவரும். அப்படி விற்றது, பின்னால் சந்தை ஏறும்போது திரும்பி வராது. ஆகவே ஓய்வுக்கு நாலைந்து வருஷம் முன்பிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். குறைந்தது மூன்று வருஷச் செலவுக்கானது டெபாசிட்டிலோ, அறுபது வயதுக்குப் பிறகு தபால் அலுவலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்திலோ இருக்கட்டும். அந்தத் திட்டத்தில் 30 லட்சம் ரூபாய் வரை போடலாம்; மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி வரும். மிச்சத்தைப் பங்கு சார்ந்த ஃபண்டிலேயே விடலாம், அறுபதுக்குப் பிறகும் இருபது முப்பது வருஷம் வாழ வேண்டுமே.

எடுப்பது என்று முடிவானால் வரியைப் பாருங்கள். ஒரு வருஷத்துக்கு மேல் வைத்திருந்த பங்கு ஃபண்டுகளில், ஒரு நிதியாண்டில் 1.25 லட்சம் ரூபாய் வரையிலான லாபத்துக்கு இப்போது வரி இல்லை. அதற்கு மேல் 12.5 சதவீதம். பாதியை மார்ச்சிலும் பாதியை ஏப்ரலிலும் எடுத்தால் இரண்டு ஆண்டுகளின் சலுகையும் கிடைக்கும்.

அப்புறம், வங்கி திவாலானால் கிடைக்கும் டெபாசிட் காப்பீடு ஒருவருக்கு ஒரு வங்கியில் அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரைதான். ஒரே வங்கியின் நாலு கிளைகளில் பிரித்துப் போட்டாலும் ஒன்றாகவே கணக்கிடுவார்கள். பெரிய தொகையாக இருந்தால் வெவ்வேறு வங்கிகளில் போடுங்கள். வணக்கம்.