மொட்டை மாடியில் ஒரு விண்வெளிக் கப்பல்

நேயர்களுக்கு வணக்கம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பாம்பனிலும் மண்டபத்திலும் விசைப்படகுகள் கரையோரம் கட்டிக் கிடக்கும். பள்ளி விடுமுறையும் கூடவே வரும். 1977-இல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தைப் பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிடத் தோதான காலம் இல்லை. கைப்பேசியில் மட்டும் காட்டிவிடாதீர்கள், மொட்டை மாடியில் புரொஜெக்டர் வைத்துப் பெரிதாகக் காட்டுங்கள். கைப்பேசியில் பார்த்தால் “பழைய படம், மெதுவாப் போகுது” என்று பாதியில் எழுந்துவிடுவார்கள். அது பிள்ளைகளின் குறை அல்ல.

முதல் காட்சியில் சின்ன விண்வெளிக் கப்பல் ஒன்று தலைக்கு மேலே பறந்து போகும். துரத்தி வரும் பெரிய கப்பல் வந்துகொண்டே இருக்கும், முடியவே முடியாது. திரை அகலமாக இருந்தால்தான் அந்த நீளம் உறைக்கும். படத்தின் அகலம் உயரத்தைப் போல ஏறக்குறைய 2.4 மடங்கு. 12 அடி அகலம் எடுத்தால் 5 அடி உயரம் போதும். மாடிப்படி அறையின் வெளிச்சுவருக்கு வெள்ளையடித்தாலே திரை தயார். வேட்டியைக் கட்டினால் கச்சான் காற்று பாய்மரம் போலப் புடைக்கவைத்துவிடும், படம் கலங்கும். துணிதான் வழி என்றால் விளிம்பு காற்றைப் பார்க்கும்படி கட்டி, மேலும் கீழும் சவுக்குக் கழி கோத்து இழுத்துவிடுங்கள். திரையகலத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரம் கேட்கும் புரொஜெக்டரை 18 அடி தள்ளி வைக்கவேண்டும். லென்ஸில் உப்புப் படியும். முதலில் மணலை ஊதிவிட்டுப் பிறகு துடையுங்கள், இல்லாவிட்டால் கீறல் விழும். ஸ்பீக்கர் திரைக்கு அடியில் இருக்கட்டும். படம் 121 நிமிடம், நன்றாக இருட்டிய பிறகு தொடங்குங்கள்.

அந்தப் பெரிய கப்பலின் மாதிரி வடிவம் சுமார் 3 அடிதான் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். அது துரத்தும் சின்னக் கப்பலின் மாதிரி அதைவிடப் பெரியது! கேமராவை மாதிரியின் அடிப்பக்கத்தை ஒட்டி நகர்த்தி எடுத்ததால் வந்த பிரம்மாண்டம் அது. படத்தின் கப்பல் காட்சிகள் பலவற்றில் கப்பல் நின்ற இடத்தில் நிற்கும், கேமராதான் ஓடும். பாம்பன் பாலத்தில் ரயில் போகும்போது, நங்கூரமிட்ட நாட்டுப்படகுகள் பின்னால் ஓடுவது போலத் தெரியும் அல்லவா, அதே கணக்கு. கப்பலைத் தனியாக, அதன் எஞ்சின் வெளிச்சத்தைத் தனியாக எடுத்து ஒன்றாக்க வேண்டியிருந்தது. அதற்குக் கேமரா ஒவ்வொரு முறையும் இம்மி பிசகாமல் அதே தடத்தில் ஓடவேண்டும். பிசகினால் வெளிச்சம் கப்பலை விட்டு விலகித் தெரியும். மோட்டார்களை மின்னணு முறையில் கட்டுப்படுத்தித்தான் சாதித்தார்கள். இப்போது பரவலாகக் கிடைப்பது 1997-இலும் பிறகும் திருத்திய வடிவம். பாலைவன ஊருக்குள் நுழையும்போது குறுக்கே வரும் பெரிய விலங்குகள் கணினியில் பிற்பாடு சேர்த்தவை. அவற்றை வைத்துப் படத்தை எடை போடவேண்டாம்.

படத்தில் வரும் துப்பாக்கிச் சத்தம் வானொலிக்கு உறவு. ஒலி வடிவமைப்பாளர் பென் பர்ட், வானொலிக் கோபுரத்தை இழுத்துக் கட்டிய கம்பியைச் சுத்தியலால் தட்டிப் பதிவு செய்தார். நீண்ட உலோகக் கம்பியில் கீச்சொலி முந்தி வரும், கனத்த ஒலி பிந்தி வரும். அதனால்தான் ‘பியூ’ என்று மேலிருந்து இறங்குகிறது. மின்கம்பத்து ஸ்டே கம்பியைப் பிள்ளைகள் தட்டிப் பார்க்கக் கூடாது, உயிருக்கே ஆபத்து. இரும்பு ஸ்பிரிங் பொம்மையின் மேல் முனையில் காகிதக் குவளையைச் செருகித் தொங்கவிட்டு, கீழ் முனையைக் கரண்டியால் தட்டச் சொல்லுங்கள். குவளையில் அதே சத்தம் கேட்கும். பிளாஸ்டிக் ஸ்பிரிங்கில் வராது.